கதவுக்கு அந்தப் பக்கம் ஆபீஸ்

தொப்!

பின்னறையிலிருந்து வந்தது சத்தம். கனமான எதுவோ ஒரேயடியாகத் தரையில் விழுந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவளின் தம்ளரில் தண்ணீர் லேசாக அலைந்து அடங்கியது.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். விறுவிறுவென்று போய்ப் பின்னறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டும்விட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஆபீஸ். அது அவள் கணவர் போட்ட சட்டம்.

சரக்குக் கப்பல் கம்பெனி, வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கட்டடத்தைக் காலி செய்து, கணக்குப் பிரிவு மொத்தத்தையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது, கூட இருந்தவர்கள் எல்லாரும் சந்தோஷத்தில் குதித்தார்கள். அவர் மட்டும் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பும் அப்பா மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். சில நாள் சோர்ந்து கிடந்தார். பிறகு பின்னறைக் கட்டிலைக் கழற்றி விற்றுவிட்டு, மேஜை, சுழல் நாற்காலி, குப்பைக்கூடை, சுவர்க்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இறக்கினார்.

தினமும் காலையில் சட்டையை இன் பண்ணி, பெல்ட் கட்டி, ஷூ மாட்டி, "கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் வழியாக வெளியே போவார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நேராகப் பின்னறைக்குள் நுழைவார். அவள் எதிரில் நின்றாலும் பேச மாட்டார். அவர் கணக்கில், ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

"ஆபீஸ்ல இருக்கிற மனுஷனை எப்படிக் கூப்பிடுவ? போன் பண்ணுவ இல்ல? இப்பவும் போன் பண்ணு."

"அஞ்சடி தூரத்துல இருக்கிற புருஷனுக்குப் போன் பண்ற ஒரே பொண்டாட்டி நான்தான்."

அவளுக்கு ஆபீஸ் என்றாலே அலர்ஜி. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. நைட்டியோடு, ஒரு காலை நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டு, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் திரையிலுமாக வேலை பார்ப்பாள். பக்கத்து சீட்டுக்காரியின் மாமியார் கதையைக் கேட்க வேண்டாம், பஸ்ஸில் இடிபட வேண்டாம். இதை விட்டுவிட்டு யாராவது ஆபீசுக்கு ஏங்குவார்களா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்குப் புரியாத ஒரே விஷயம் அதுதான்.

சட்டத்தை ஒரே ஒரு முறைதான் மீறினாள். தலையில் ஈரத் துண்டும் கையில் மாப்புமாக, கவனமில்லாமல் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள்.

"என்ன சார், ஆபீஸ்ல ஆயாவெல்லாம் போட்டுட்டீங்களா?" என்றது ஒரு முகம்.

எல்லா முகமும் சிரித்தது. அவரும் சிரித்தார். "ஆமா சார், புதுசு. இன்னும் பழகலை."

அன்றைக்கு அவள் சொன்னதுதான்: "உங்க ஆபீஸ் பத்திக்கிட்டு எரிஞ்சாலும் இனி அந்தக் கதவை நான் தொட மாட்டேன்."

இப்போது தொட்டுவிட்டோமே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மேஜைக்குத் திரும்பி வந்து போன் செய்தாள். உள்ளே மணி அடித்தது. அடித்து முடிந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் முழுசாக அடித்து ஓய்ந்தது.

காதைத் தீட்டினாள். நாற்காலிச் சக்கரம் உருளவில்லை. ஒரு இருமல் கூட இல்லை. மீட்டிங்காக இருக்கும். மைக்கை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஃபைல் அடுக்கு சரிந்திருக்கும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததுதான்.

"ஆயா கூப்பிட்டா எடுப்பாரா என்ன?" என்று கதவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். பிறகு ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

மதியம் தட்டு வைத்தாள். சாப்பாட்டு நேரத்தை ஒரு நாளும் அவர் தவறவிட்டதில்லை. சாதம் ஆறியது. மூடி வைத்தாள். கைபேசியை எடுத்தாள், வைத்தாள். அப்புறம் எதுவும் யோசிக்காமல் எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

தாழ் போடவில்லை. பாதி திறந்து, எதிலோ இடித்து நின்றது.

அவர் மேல்தான் இடித்திருந்தது.

மேஜையும் நாற்காலியும் ஜன்னலோரம் கிடந்தன. அவர் கதவோரம் கிடந்தார். ஃபைல் அடுக்கு அசையாமல் அப்படியே இருந்தது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், எடுத்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்.

"எப்ப டாக்டர்?"

"காலையில."

"விழுந்த உடனேயா?"

"நொடி நேரம்மா. வலிகூடத் தெரிஞ்சிருக்காது."

"நாற்காலி அங்க இருக்கு, டாக்டர். இவர் இங்க இருக்காரே."

டாக்டர் நாற்காலியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"எழுந்து வந்திருப்பார், கதவுகிட்ட விழுந்திருப்பார். போட்டுக் குழப்பிக்காதீங்க. நொடி நேரம்தான்."

டாக்டர்கள் சொந்தக்காரர்களிடம் எப்படிப் பேசுவார்கள், குறிப்புக்காக மைக்கில் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்தவள் அவள். இருந்தும் அந்த வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நொடி நேரம். அப்படியென்றால் கைப்பிடியை அவள் பிடித்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. திறந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. திறக்காதது குற்றமில்லை.

மறுநாள் காலையில் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய அக்கா. அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

"நீ வீட்லதானே இருந்த?"

"ஆமா அண்ணி."

"இவ்வளவு பெரிய உடம்பு விழுந்திருக்கு. ஒரு சத்தம் கூடவா கேக்கலை?"

கூடத்தில் எல்லாரும் தன் பக்கம் திரும்பியது போல இருந்தது அவளுக்கு.

"ஹெட்போன் போட்டிருந்தேன் அண்ணி. எதுவும் கேக்கலை."

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்கவேயில்லை. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து மேனேஜர் வந்தார். திரையில் கட்டத்துக்குள் இருந்து ஆயாவா என்று கேட்ட அதே முகம். நேரில் குள்ளமாக இருந்தார். மாலையை வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"நல்ல மனுஷன். ஆபீஸ்னா உயிரையே விடுவார்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நேத்து பூரா ஆன்லைன்ல பச்சை லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வேலையில இருக்கார்னுதான் நாங்களும்..." என்று இழுத்துவிட்டு, நகர்ந்து போய் ஒரு மூலையில் நின்றுகொண்டார்.

நொடி நேரம், நொடி நேரம் என்று அவள் உதடு அசைந்தது. நாத்தனார் அவள் மடிமேல் கை வைத்தாள். "டாக்டரும் அதைத்தான் சொன்னாராம். கஷ்டப்படாம போயிட்டான். அது போதும் எனக்கு" என்றாள். முதன்முறையாக அவள் பக்கம் சாய்ந்து, தோளில் தலை வைத்துக்கொண்டாள்.

அவள் மெதுவாக மூச்சு விட்டாள். நேற்று மதியத்திலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருத்தி உள்ளே வந்தாள். கீழ்வீட்டுக்குப் போன வாரம்தான் குடிவந்தவள். கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு பேரும் மாடிப்படியில் பார்த்துச் சிரித்திருக்கிறார்களே தவிர, பேசியதில்லை. டீச்சரின் கண் வீங்கியிருந்தது. உடம்பைப் பார்த்தாள். திறந்து கிடந்த பின்னறைக் கதவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அப்படியே அவள் எதிரில் மடங்கி உட்கார்ந்தாள்.

"அக்கா, நேத்துப் பாடம் முடிஞ்சதும் வெளியூர் போயிட்டேன், ராத்திரி வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். அந்த ரூமுக்கு நேர் கீழேதான் நான் பாடம் எடுக்கிறது. நேத்துக் காலையில தொப்புனு ஒரு சத்தம்."

நாத்தனார் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு மேலே தரையில டொக்கு டொக்குனு யாரோ தட்ட ஆரம்பிச்சாங்க. பசங்க எல்லாம் சிரிக்குதுங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. ஆணி கீணி அடிக்கிறீங்கன்னு நினைச்சு, நிறுத்துங்கன்னு சொல்றதுக்காகக் கீழேருந்து ஒட்டடைக் கம்பால தட்டினேன்..."

"போதும்" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"அவரு திருப்பித் தட்டினாருக்கா. நான் தட்டத் தட்ட அவரும் தட்டிக்கிட்டே இருந்தாரு... ரொம்ப நேரம்."