வாய் திறவா நேர்த்தி

லியோனுக்குக் கோபம் வந்தால் நாக்கு அடங்காது. ஊர்காவற்றுறைக்கே அது தெரியும். தம்பி டிலோன், சரவணையிலிருக்கிற சைவக் குடும்பத்துச் சிவரூபியைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றபோது, "இனி என்ர வாசலில வந்து வாய் திறக்காதே" என்றான். கலியாணத்துக்கும் போகவில்லை. பிறகு இருவரும் ஒரே துறையில் வள்ளம் தள்ளினார்கள், முகம் மட்டும் பார்க்கவில்லை.

டிலோன் பிரான்சுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் லியோனுக்குத் தம்பியோடு பேசவேண்டும் போலிருந்தது. தானாகப் போய்ப் பேச வீம்பு விட்டால்தானே. பொறுப்பை மடு மாதாவின் தலையில் கட்டினான். ஆவணித் திருவிழாவுக்கு நடந்தே வருகிறேன், உன் வாசல்வரை ஒரு சொல்லும் பேசமாட்டேன், போகமுதல் தம்பியை என்னோடு பேச வை தாயே என்று நேர்ந்தான். வெளியில் சொன்னால் பலிக்காது என்று மனைவி கிறேசிடம்கூடச் சொல்லவில்லை.

நடை தொடங்கிய முதல் நாள், யாழ்ப்பாணத்துக்குப் போகிற பண்ணைப் பாலத்தில் கூட வந்த யாத்திரிகர்கள் செபமாலை சொல்லியபடி முன்னே போய்விட்டார்கள். காலில் கொப்புளம் போட்டு லியோன் பின்தங்கினான். பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. டிலோன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"அண்ணை, நான் புதன்கிழமை வெளிக்கிடுறன். உங்களிட்டைச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

லியோன் வாய் திறக்கப்போனான். 'தம்பி' என்ற ஒரு சொல் போதும். ஆனால் நேர்த்தி முறிந்து, போகிற பிள்ளைக்கு வழியில் ஏதும் நடந்துவிட்டால்? விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். நேர்த்தியடா, கொஞ்சம் பொறு என்பதுதான் அதற்கு அர்த்தம். மடையன், அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்பதை மறந்துவிட்டான்.

டிலோன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி அண்ணை" என்றான். லியோன் கையைப் பிடிக்கப் போவதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மடுவரை நடந்த அத்தனை நாளும் ஒவ்வொரு மரநிழலிலும் அதை நினைத்து நினைத்து வெந்தான், அப்போதும் வாய் திறக்கவில்லை. மடு வாசலில் முழந்தாளிட்டு எழுந்த கையோடு, கூட வந்த ஒருவரின் போனை வாங்கித் தம்பியின் நம்பருக்கு எடுத்தான். சிவரூபிதான் பேசினாள். அவளோடு அவன் பேசுவது அதுதான் முதல் தடவை.

"அவர் புதன்கிழமையே வெளிக்கிட்டிட்டார்."

"பிள்ளை, அண்டைக்குப் பாலத்தில நான் விரல் வைச்சது நேர்த்திக்கு. பேசக் கூடாதெண்டு நேர்ந்தனான்."



"வாயைப் பொத்தச் சொன்னீங்களெண்டு இரவு முழுக்க அழுதவர். நீங்கள் எடுத்தா அங்கத்தைப் பிரான்ஸ் நம்பரைக் குடுக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். என்னை மன்னியுங்கோ."

லியோன் கோயிலுக்குள் போனான். சுற்றிலும் சனம் மாதாவிடம் ஏதேதோ கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கேட்க வாய் வரவில்லை. கேட்டதை அவள் பண்ணைப் பாலத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அவன்தான் விரலைக் காட்டித் திருப்பி அனுப்பினான்.