வெள்ளையடித்த கல்

சூசைதாசன் புத்தியாக ஒரு காரியம் செய்தார் என்று றோசலின் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் செய்தது புத்தியா பைத்தியமா என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

நவம்பர் இரண்டு, ஆத்துமாக்களின் நாள். மன்னாரில் என்றால் முந்தின கிழமையே சேமக்காலைக்குப் போய், புல் செருக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து வைப்பார்கள். அன்று பொழுதுபட மெழுகுதிரி கொளுத்துவார்கள். இவர்களுடைய மகன் மாக்கஸுக்குக் கல்லறை இல்லை. யுத்தம் முடிந்த கிழமை, பதினேழு வயதுப் பிள்ளையை வட்டுவாகலில் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. பதினாறு வருசமாக, கனடாவுக்கு வந்து மல்வேர்னில் குடியேறிய பிறகும், அவன் பேரில் ஒரு திரி எரியவில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் திரி கொளுத்துவினமோ?" என்பாள் றோசலின். மனுசன் எத்தனை தரம் வாயைத் திறந்து, வாங்கிக் கட்டிக்கொண்டு மூடியிருப்பார்!

ரூஜ் பக்கம் ஒரு சின்னக் காட்டுப் பார்க் இருக்கிறது. அந்த நாளில் வந்து குடியேறிய வெள்ளைக்காரரின் மரக்குற்றி வீடு ஒன்று, அதன் பின்னால் மரங்களுக்குள் அவர்களுடைய பதினொரு கல்லறைக் கற்கள். கோடையில் நடக்கப் போனவர் ஒரு கல்லை எழுத்துக்கூட்டி வாசித்தார். வயது பதினேழு. பெயரில் பாதியைப் பாசி மூடியிருந்தது. இவனுக்கும் ஒருத்தரும் வருவதில்லைப்போல என்று அவருக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்கே மனதுக்குள் முடிவெடுத்துவிட்டார்.

ஆத்துமாக்களின் நாள் பூசை முடிந்ததும், "கலர் இலை பாக்கப் போவம்" என்று றோசலினைக் கூட்டிவந்தார்.

"எல்லாம் கொட்டின பிறகு என்ன இலை?" என்றாள் அவள்.

"நீ உதில இரு. இந்தா வாறன்."

மரவீட்டின் முன்னால் இருந்த வாங்கில் அவளை இருத்திவிட்டு, ஒரு பையோடு பின்பக்கம் போனார். பையில் வெள்ளைப் பெயின்ற், பிரஷ், ஒரு மெழுகுதிரி. பாசியைச் சுரண்டினார். மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் அடித்தார். கல் பளிச்சென்று வந்தது. நெஞ்சுக்குள் இருந்த ஏதோ கொஞ்சம் இறங்கினது போலிருந்தது.

பின்னால் ஒரு சத்தம். பார்க்கின் சீருடை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெட்டை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நூற்றெழுபது வருசத்து எழுத்து, அதற்குள் பெயின்ற் இறங்கிவிட்டது, கழுவினாலும் போகாது என்றாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். கோபம்கூட இல்லை, அழுவாள் போலிருந்தது.

பாண் சுடும் தொழிற்சாலையில் பத்து வருசம் பேசிய இங்கிலிஷ் இதற்குக் காணாது. "மை சன்..." என்று தொடங்கினார். அப்போதுதான் றோசலின் பக்கத்தில் வந்து நிற்பதைக் கண்டார். அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

றோசலின் கல்லைப் பார்த்தாள். பெயின்ற் ரின்னைப் பார்த்தாள். திரியையும் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள், இங்கிலிஷ் எல்லாம் விளங்கும்.

றிப்போட் எழுதக் கொப்பியைத் திறந்தபடி, இவர் உங்கள் குடும்பத்து ஆளா என்று பெட்டை அவளிடம் கேட்டாள்.

இப்போது ஏசப்போகிறாள் என்று சூசைதாசன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் கெட்ட மனுசன் இல்லை" என்று றோசலின் இங்கிலிஷில் சொன்னாள். "எங்கட மகன். பதினேழு வயது. செத்துப்போனான். கல்லறை இல்லை."

பெட்டை எழுதுவதை நிறுத்தினாள். மன்னிக்கவேண்டும் என்றாள். பிறகு திரும்பவும் எழுதினாள். எழுதாமல் விட அவளுக்கு அதிகாரம் இல்லை.

பதினாறு வருசமாக அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்று அவர் காத்திருந்த சொல் இந்தச் 'செத்துப்போனான்'தான். இப்போது அதை எப்படியாவது திரும்ப அவள் வாய்க்குள்ளேயே வைத்துவிட முடியாதா என்று தவித்தார். கல்லைப் பிடித்தார். கையெல்லாம் வெள்ளை.

றோசலின் குனிந்து திரியை எடுத்து நீட்டினாள்.

"கொளுத்துங்கோ. அதுதான் சொல்லிப்போட்டனே."

பெயின்ற் கையோடு சட்டைப்பைக்குள் லைட்டரைத் தேடி எடுத்தார். பெட்டை அவருடைய கையை மெல்லத் தொட்டாள். காட்டுக்குள் நெருப்புக் கூடாது என்றாள்.

றோசலின் திரியை நீட்டியபடியே நின்றாள்.