மஞ்சள் தொப்பி, நீலத் தொப்பி

ஆயுத பூஜைக்காக லைன் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். எந்நேரமும் காதை அடைக்கிற கம்பெனி அது. அன்றைக்குப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் பொரி மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது. அந்த அமைதிதான் கலைமணிக்கு ஆகவில்லை. ஐடி கார்டின் நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, கேன்டீனுக்கும் மேடைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். யாராவது உட்காரச் சொன்னால் உட்காருவாள். உட்கார்ந்த இடம் சூடேறுமுன் எழுந்துவிடுவாள்.

எல்லாம் சூப்பர்வைசர் நடேசன் செய்த வேலை. காலையில் பூசணிக்காய் உடைத்த கையோடு அவளைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா கலை, ஜெனரல் ஷிப்டுல ரெண்டு இடம் காலியாவுது. நீயும் உன் வூட்டுக்காரரும் ஒண்ணா வந்து ஒண்ணா போவலாம். பஸ் கெளம்பறதுக்குள்ள சொல்லிடு. நீ வாணாம்னா வேற ஜோடி காத்துகினு கீது."

"அவர ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன் சார்."

"இதுல கேக்கறதுக்கு இன்னாம்மா கீது? கும்புட்டு வாங்கிக்கற விஷயம்!"

கேட்பதற்கு இருந்தது. கலைமணி காலை ஷிப்ட். கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் வேலை. அவள் புருஷன் திருநாவுக்கரசு அதே கம்பெனியில் மதிய ஷிப்ட். ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கல்யாணமாகி இரண்டு வருஷம். வல்லத்தில் ஒற்றை அறை வீடு. அவள் கிளம்பும்போது அவன் தூங்குவான், அவன் திரும்பும்போது அவள் தூங்குவாள். வார லீவும் வேறு வேறு நாள். பார்க்கிறவர்கள் எல்லாம் "அய்யோ பாவம்" என்பார்கள். இவளும் முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கொள்வாள்.

உண்மை என்னவென்றால், ஷிப்ட் முடிந்து வந்து பூட்டைத் திறந்ததும், துப்பட்டாவைத் தூக்கிக் கொடியில் வீசிவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே வெறுந்தரையில் மல்லாந்து படுப்பாளே, அந்த ஒரு பொழுதுக்காகத்தான் அவள் நாள் முழுக்க நின்று ஒயர் கட்டினாள். ஒரே கூடத்தில் ஏழு பேர் படுத்த வீட்டில் வளர்ந்தவள். தனியாகக் கிடப்பது இத்தனை ருசி என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது? அதுவும் அவனிடம்? குரல் உயர்த்தித் தெரியாத மனுஷன். வேண்டாம் என்று நடேசனிடம் சொன்னால் அவன் காதுக்குப் போகும், மனசு உடைந்துபோவான். சரி என்று சொன்னால் அந்தப் பொழுது போச்சு.

அவனைத் தனியாகப் பிடிக்கலாம் என்று தேடியபோதுதான் மைக்கில் பேர் வந்தது.

"அடுத்த ஜோடி, கலைமணி, திருநாவுக்கரசு!"

கூப்பிட்டது ஹெச்.ஆர். பெண் சௌந்தர்யா. கம்பெனியில் வேலை பார்க்கும் ஜோடிகளுக்கு மேடையில் விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டே புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டுகிற பழைய பாட்டு ஒன்று. எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு வரியை ஓடவிட்டு, சட்டென்று நிறுத்தி, அதே போக்கில் ஒரு கேள்வியைப் போடுவாள். ஜோடி முதுகோடு முதுகு நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு தொப்பி: கலைமணியின் லைனுக்கு மஞ்சள், ஸ்டோருக்கு நீலம். பதில் புருஷன் என்றால் நீலம், பெண்டாட்டி என்றால் மஞ்சள். தூக்கிக் காட்டினால் போதும், வாய் திறக்கக் கூடாது. யார் எதைத் தூக்கினார்கள் என்று கூட்டத்துக்குத் தெரியும், அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

"மொத கேள்வி. சண்ட வந்தா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கறது யாரு?"

மஞ்சளைத் தூக்கினாள். கூட்டம் கை தட்டியது. கூட வேலை செய்யும் ஏலவார்குழலி முன்வரிசையிலிருந்து கத்தினாள். "ஒத்துக்கினாடி! புள்ள ஒத்துக்கினா!"

"கொறட்ட விடறது யாரு?"

நீலத்தைத் தூக்கினாள். ஒரே சிரிப்பு. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, மஞ்சளையா தூக்கற? வூட்டுக்குப் போனா கீது உனக்கு!"

கலைமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதுகில் படும் அவன் முதுகும் குலுங்குவது தெரிந்தது. அடுத்த கேள்வி வருகிற வரைக்கும்தான் அது.

"ஒருத்தர் டூட்டிக்குப் போனதும், வூட்ல அப்பாடான்னு காலை நீட்டறது யாரு?"

நீலத்தைத் தூக்கியிருந்தால் கதையே இல்லை. புருஷன்மார்தான் அப்படி என்று எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த ஜோடிக்குப் போயிருப்பார்கள். அவள் கை அவளைக் கேட்காமலே மஞ்சளோடு மேலே போயிற்று. ஷெட்டே அதிர்ந்தது. விசில், மேஜையில் தட்டல், போன்களைத் தூக்கிப் பிடித்த கைகள். கலைமணிக்குக் காதெல்லாம் கொதித்தது. தொப்பிகளைச் சௌந்தர்யா கையில் திணித்துவிட்டு, திரும்பியும் பார்க்காமல் இறங்கிவிட்டாள்.

இறங்கின பிறகுதான் பயம் வந்தது. வீடியோ எடுத்திருக்கிறார்கள். அதை அவன் பார்க்குமுன் தானே சொல்லிவிட வேண்டும். கேன்டீனில் தேடினாள், இல்லை. பஸ் நிற்கிற இடத்திலும் இல்லை. குழலி எதிரே வந்தாள்.

"உன் வூட்டுக்காரரா? ஸ்டோர் பக்கமா ஓடனாரு. மூஞ்சே சரியில்ல. அடியே நில்லு, மேடையில இன்னா நடந்துச்சின்னா..."

மூஞ்சி சரியில்லை என்று கேட்டதுமே கலைமணி ஓட்டமெடுத்தாள்.

ஸ்டோரில், மாவிலை கட்டிய ஃபோர்க்லிஃப்டின் கண்ணாடியை அவன் துடைத்துக்கொண்டிருந்தான். பூஜைக்குக் கழுவி வைத்த வண்டியில் துடைக்க என்ன இருக்கிறது?

"கலை! வீடியோ பாத்துட்டியா?" என்று அவன்தான் முந்திக்கொண்டான். "அத்த மனசுல வெச்சிக்காத. கை தெரியாம தூக்கிடுச்சி."

"எதத் தூக்கனீங்க?"

"என் தொப்பியத்தான். அப்பாடான்னு காலை நீட்டறது நான்தான்னு."

மனசு இருக்கிறதே, அதன் கூத்தைப் பாருங்கள். தானும் அதையே செய்தவள், அவன் சொன்னதும் சுருக்கென்று குத்துப்பட்டாள்.

"நான் ஒழிஞ்சா உங்களுக்கு அவ்ளோ நிம்மதியா?"

"அய்ய, அப்டி இல்ல. லீவு நாள்ல ரெண்டு பேரும் வூட்ல இருந்தா நீ பாத்திரத்தையே உருட்டிகினு கீற. இன்னா கோவமோன்னு பயமா கீது எனக்கு. அதான் கண்ண மூடிகினு தூங்கறா மாரி படுத்துக்கறேன்."

"அதெல்லாம் நடிப்பா?" கலைமணி இடுப்பில் கை வைத்தாள். "உங்க கிட்ட இன்னா பேசறதுன்னு தெரியாமதான் நான் உருட்டறேன். நீங்க தூங்கறீங்களேன்னு மெதுவா வேற உருட்டினேன்!"

அவன் விழித்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானும் என் தொப்பியத்தான் தூக்கினேன்."

"அடிப்பாவி" என்றவன் சிரிக்கத் தொடங்கினான். கையிலிருந்த துணியால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. நடேசன் கேட்டதை அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது.

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. எனக்கு ஆசதான். ஆனா டூட்டி முடிஞ்சி வந்ததும் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும். இல்லன்னா தல வெடிச்சிடும்."

"எனக்கும் வோணுமே அது." அவன் பிடரியைச் சொறிந்தான். "சரி, இப்டிப் பண்ணலாம். நான் வல்லத்துக்கு முந்தின ஸ்டாப்பு, கூட்ரோட்லயே எறங்கி, டீ குடிச்சிட்டு, பொறுமையா நடந்து வரேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீ எறங்கு. காய்கறி, பூ, எதனாச்சும் வாங்கினு வா."

"ஏமாத்தக் கூடாது."

"நீதான் ஏமாத்துவ."

மறுபடி ஹாரன். கலைமணி ஓடினாள். நடேசன் பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார்.

"சார், சார்! ரெண்டு பேருக்கும் ஜெனரல் ஷிப்டே போட்டுடுங்க!"

"அத்த காலையிலயே சொல்றதுக்கு இன்னா? பஸ்சு ஒண்ணுதான? ஸ்டாப்பிங் வல்லம்னு எழுதிக்கட்டா?"

கலைமணி மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். அவன் வந்துகொண்டிருந்தான், நடையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல்.

"பஸ்சு ஒண்ணுதான் சார்" என்றாள். "ஸ்டாப்பிங் மட்டும் ரெண்டா எழுதிக்குங்க."