கண்ணாடியில் வழிந்த தண்ணீர்

அந்தச் சுகாதார நிலையத்தில் மருந்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்தான் எமன். கிணற்று நீர் அவ்வளவு உப்பு. பிரசவக் கருவிகளை ஆவியில் வேகவைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குத் தட்டித் தட்டி, கடைசியில் அடியே ஓட்டையாகிவிட்டது. புதுப் பாத்திரம் வந்தும் நர்ஸ் அதைத் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். கருவிகள் பஸ் ஏறி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் வெந்து வந்தன.

"இதுலயும் அதே தண்ணிய ஊத்தினா, பழைய குருடி கதவைத் திறடிதான்" என்று சாப்பிடும்போது வீட்டில் புலம்பினாள்.

அவள் கொழுந்தன் ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டுகிறவன். "உங்க ஆஸ்பத்திரி மாடியில வெயில் சும்மாதானே காயுது அண்ணி? அதை வேலை வாங்குவோம்" என்றான்.

சொன்னபடி ஒரு பெட்டி செய்தான். உள்ளே கருப்புப் பூச்சு அடித்த தகரத் தட்டு, மேலே சாய்வாகக் கண்ணாடி, கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு குழாய், குழாயின் வாயில் ஒரு பாட்டில். தட்டில் கிணற்று நீரை ஊற்றினான்.

"சூட்டுல ஆவியாகி கண்ணாடியில படியும், வழிஞ்சு குழாய்க்கு வரும். உப்பு தட்டுலயே தங்கிடும்."

சாயங்காலம் பார்த்தால் பாட்டிலின் அடிகூட நனையவில்லை. நர்ஸைக் கூட்டிப்போக வந்த கணவன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். "கண்ணுக்கு விடுற சொட்டு மருந்துக்கு ஆகும்டா."

தம்பியின் முகம் சுண்டிப்போனது. "பிரிச்சுப் போட்டுடுறேன் அண்ணி. எனக்கு ஜன்னல்தான் லாயக்கு."

மறுநாள் மதியம் நர்ஸ் சாப்பாட்டு டப்பாவோடு மாடிக்குப் போய்ப் பெட்டி அருகிலேயே உட்கார்ந்தாள். கண்ணாடியின் உள்பக்கம் துளிகள் முத்து முத்தாக நின்றன. பருத்தன. வழியாமல் பொத்தென்று தட்டிலேயே விழுந்தன. கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, கண்ணாடிய எதத் தொட்டு அறுத்தீங்க?"

"மண்ணெண்ணெய்தான். அப்பத்தான் கட்டர் வழுக்கிட்டுப் போகும்."

"எண்ணெய்க் கையில தண்ணி ஒட்டுமா? வந்து அதைக் கழட்டுங்க."

பிரசவத்துக்கு முன் கை கழுவுவது போலவே கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், அலசினாள், மறுபடி தேய்த்தாள்.

"அண்ணி, விட்டுடுங்க! கண்ணாடி தேஞ்சிடப் போகுது!"

அடுத்த நாள் முத்து எதுவும் நிற்கவில்லை. மெல்லிய படலமாக நீர் சறுக்கி இறங்கியது. குழாய் சொட்டியது, விடாமல் சொட்டியது. இரண்டு பேரும் ஒரே குடைக்குள் உட்கார்ந்து சினிமா பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டில் நிறைந்ததும் கொழுந்தன் எழுந்து குதித்தான். குடை பறந்தது.

அந்த வாரமே புதுப் பாத்திரம் அலமாரியை விட்டு இறங்கியது. அதில் வெந்த கத்திரிக்கு முதலில் வேலை வைத்தது ஒரு பெண் குழந்தை. வெளியே பதறி நின்ற தகப்பன், அழுகுரல் கேட்டதும் அப்படியே பெஞ்சில் சரிந்தான். நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "என்னங்க ருசியே இல்ல? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?"

"இந்தத் தண்ணியில வெந்த கத்திரிதாங்க உங்க பொண்ணோட தொப்புள்கொடிய வெட்டுச்சு."

அவன் டம்ளரை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான். "அப்ப இன்னொரு டம்ளர் குடுங்க."

மாடியில் கொழுந்தன் இரண்டாவது பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.