கடலுக்கு ஒரு பாரஸ்ட் கார்டு

சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவனுக்கு மாறுதல் உத்தரவு வந்தால் வீடு எழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். சிபாரிசுக்கு ஆள் பிடித்து, எப்படியாவது ரத்து பண்ணப் பார்ப்பார்கள். ராஜபாளையத்துச் சோலைச்சாமி மட்டும் தானாகப் போய் மாறுதல் கேட்டு நின்றான். அதுவும் எங்கே என்றால், கடலுக்கு.

சோலைச்சாமி பாரஸ்ட் கார்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கட்டை கடத்துகிறவர்களை விரட்டி விரட்டியே பாதித் தலை நரைத்தவன். எண்பத்தாறாம் வருஷம் மன்னார் வளைகுடாத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் அரசாங்கம் தேசியப் பூங்காவாக அறிவித்து, காவலை வனத்துறை கையில் கொடுத்தது. மரமே இல்லாத தண்ணீரில் கார்டுக்கு என்ன ஜோலி என்று ஆபீஸில் ஆளாளுக்குச் சிரித்தார்கள். அங்கே போக யாருக்கு விருப்பம் என்று ரேஞ்சர் கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சோலைச்சாமி கை தூக்கினான்.

காரணம் ஒரு லாரி. கொஞ்ச காலத்துக்கு முன்னால் செக்போஸ்ட்டில் அதை மறித்து, கட்டை இருக்கும் என்று தார்ப்பாயை விலக்கினான். உள்ளே அம்புட்டும் கல். கிளை கிளையாகப் பிரிந்து, ஒரு காட்டையே வெட்டி வெள்ளையடித்து அடுக்கினது போலிருந்தது. கடலுக்குள் பவளப்பாறையை உடைத்து, சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொண்டு போகிறார்கள். ஒரு கல்லிடுக்கில் விரல் நீள மஞ்சள் மீன் ஒன்று காய்ந்து கிடந்தது. அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்த்தான். டிரைவர் சாவகாசமாகப் பீடியைப் பற்றவைத்து, இது தேக்கா, ஈட்டியா, எந்தச் சட்டத்தில் பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். சோலைச்சாமி கையில் சட்டம் இல்லை. வழி விட்டான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது சட்டம் வந்துவிட்டது, மனுஷன் சும்மா இருப்பானா?

ஒரே ஒரு சங்கடம்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

ரேஞ்சர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தை பிறப்பதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கண்மாயில், நடுவே இருக்கிற திட்டு வரைக்கும் நீந்திக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேறு ஆளை அனுப்பிவிடுவார்.

அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய் சுந்தரபாண்டியத்துக்காரி, வயலும் கிணறுமாக வளர்ந்தவள். விஷயத்தைக் கேட்டதும், குளிக்க ரெண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாலே மூச்சு முட்டுகிற ஆளுக்குக் கடல் கேட்கிறதோ என்று ஏசித் தீர்த்தாள். ஏசி முடித்த கையோடு டவுன் பஸ்ஸில் ஏற்றி, தன் அண்ணன் பால்ச்சாமியின் கிணற்றுக்குக் கூட்டிப் போனாள். காய்ந்த சுரைக்குடுக்கையை அவன் முதுகில் கட்டினாள். அவன் குலதெய்வத்தைக் கும்பிட்டு முடிக்குமுன்னே பிடித்துத் தள்ளிவிட்டாள்.

அவன் போட்ட கூப்பாட்டில் பால்ச்சாமி பம்புசெட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான். களை எடுத்த பெண்களும் வந்தார்கள். ஒரு வாரம் அந்த வட்டாரத்துக்கே வேறு பொழுதுபோக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் வெள்ளத்தாய் விடவில்லை. டூட்டி முடிந்து வந்தால் கிணறு, லீவு கிடைத்தால் கிணறு. கார்த்திகை முடிவில் குடுக்கையை அவிழ்த்தாள். சோத்தாங்கைப் பக்கம் சுவரை வைத்துக்கொண்டு சோலைச்சாமி ஒரு சுற்று வந்தான். அடுத்த நாள் பத்துச் சுற்று. ஆனந்தம் தாங்கவில்லை அவனுக்கு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், கேட்காமலே, தான் கடலுக்குப் போகப் போவதைச் சொன்னான்.

சோதனை நாளில் கண்மாய் தளும்பிக் கிடந்தது. ஆபீஸே கரையில் கூடிவிட்டது. சோலைச்சாமி பாய்ந்தான். கையும் காலும் அருமையாகத்தான் வேலை செய்தன. செத்த நேரம் நேராகப் போனவன், பொறவு பீச்சாங்கைப் பக்கமாக ஒடிந்தான். இன்னும் ஒடிந்தான். செக்குமாடு மாதிரி வட்டமாக வந்து, புறப்பட்ட படித்துறையிலேயே கை வைத்து, திட்டைத் தொட்டுவிட்டோம் என்ற பூரிப்போடு நிமிர்ந்தான். எதிரே ரேஞ்சர் நின்றார்.

கரை அதிரச் சிரிப்பு. இரண்டாம் தடவையும் அதே கதைதான். ரேஞ்சர் கெட்டவர் இல்லை. அவருக்கே பாவமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் பேர் அனுப்பியாக வேண்டும், இன்னொரு தடவை வேண்டுமானால் பார், அதோடு சரி என்றார். சோலைச்சாமி, போச்சே, எல்லாம் போச்சே என்று அந்த மஞ்சள் மீனை நினைத்துக்கொண்டு நின்றான்.

வெள்ளத்தாய்க்குத்தான் சட்டென்று புரிந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"ஏம்மா, நீ எங்கே இறங்குதே?" என்றார் ரேஞ்சர்.

"ஐயா, அவிய கிணத்துல படிச்சவிய. பக்கத்துல செவரு இல்லாம நேரா போகத் தெரியலை. செவரா நான் போறேன்" என்றாள். புருஷனிடம் குரலைத் தாழ்த்தினாள். "என்னையச் சோத்தாங்கைப் பக்கமா வச்சுக்கிட்டு வாங்க. திட்டைத் தொடுத வரைக்கும் என்னையப் பாக்கக் கூடாது, திட்டை மட்டுந்தான் பாக்கணும்."

புறப்பட்டார்கள். சோத்தாங்கைப் பக்கம் அவள் கை தண்ணீரை அடிக்கும் சத்தம் கேட்டது. அது போதும் அவனுக்கு. திட்டில் நின்ற கருவேல மரத்தைப் பார்த்தே போனான். தோள் கடுத்தது, வாய்க்குள் தண்ணீர் போனது. மரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கையில் சேறு தட்டுப்பட்டது.

எழுந்து நின்று, "தொட்டுட்டோம் வெள்ளத்தாயி" என்று சோத்தாங்கைப் பக்கம் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. பதறிப்போய்க் கரையைப் பார்த்தான். படித்துறையில் உட்கார்ந்து அவள் கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். பாதி வழிக்கு முன்னாலேயே திரும்பியிருக்க வேண்டும்.

கரையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. ரேஞ்சர் கையை வாயில் குவித்து, மீன் பிடிக்கிறவர்களின் பரிசல் வருகிறது, அங்கேயே இரு, உன் பேரைத்தான் அனுப்பப் போகிறேன் என்று கத்தினார். சோலைச்சாமி சுற்றிலும் பார்த்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். இதைப் பார்த்தா இத்தனை வயசு வரைக்கும் பயந்தோம் என்று நினைத்தான். நெஞ்சு கொள்ளாமல் சிரிப்பு பொங்கியது.

பரிசல் பாதி தூரம் வந்தபோது அவன் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தான். ஏறிக்கொள்ளச் சொல்லிப் பரிசல்காரர் துடுப்பை நீட்டினார். அவன் தொடவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தே, கரையை நோக்கி நேராக நீந்தினான்.