நோயல் எழுதிய பீரோ

…நோயலின் புரோகிராம் இருநூற்றுப் பதினாலு வரி, வெறும் இருநூற்றுப் பதினாலு, அதிலும் காலி வரிகளே முப்பது நாற்பது இருக்கும், நடுநடுவே கிண்டலாகக் குறிப்புகள் வேறு, இதற்காகவா மேனேஜர் பதினோரு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பஸ் கல்மண்டபத்தில் நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, பக்கத்தில் ஐஸ் ஒழுகும் மீன் வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த செங்கொடி மடியிலிருந்த பையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவே அந்த நாலு தாள். நேற்று சாயந்திரம் நாலு மணிக்கு, கூட வேலை பார்க்கும் நோயல் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தது. "நீ ஒரு தபா பாத்துட்டு சொல்லு செங்கொடி. நீ ஓகே சொன்னாத்தான் நாளிக்கு காட்டுவேன்." நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நாலு தாளையும் படித்தாள். கடைசித் தாளில் ஓரிடத்தில் கண் நின்றது. நின்றதா? நின்றது, நன்றாகவே நின்றது. பிறகு தாளை மடித்து, "நல்லா கீது" என்றாள். இரண்டே வார்த்தை. அது பொய்யா? நன்றாகத்தானே இருந்தது, அதுதானே எரிச்சல், அந்த ஒரு இடத்தைத் தவிர மற்றதெல்லாம் அவ்வளவு நன்றாக இருந்ததே…

ஒன்றரை வருஷம். அவள் எழுதிக்கொண்டிருப்பது ஒன்றரை வருஷமாக. திருவொற்றியூரில் அந்தத் தனியார் கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவளும் நோயலும்தான். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் காகிதம் உண்டு, அதை ஸ்கேன் செய்துவிட்டு அசலை லாரி டிரைவரிடமே கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அப்புறம் ஆபீஸில் மிஞ்சுவது சர்வரில் கிடக்கும் ஸ்கேன் மட்டும். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, நீளமான ஓர் எண். இருபத்திரண்டு வருஷமாக ரெக்கார்டு பார்க்கும் பவுனம்மாள் அந்த எண்களைப் பார்த்து அழுதேவிட்டாள். "என் பீரோல கப்பல் பேரு போட்டு ஒரு தட்டு, கம்பெனி பேரு போட்டு ஒரு தட்டு வெச்சிருந்தேம்மா, கண்ண மூடிகினு எடுப்பேன். இந்த நம்பர வெச்சிகினு நான் இன்னாத்த தேடுவேன்?" ஒரே ஸ்கேன் கப்பல் ஃபோல்டரிலும் தெரிய வேண்டும், கம்பெனி ஃபோல்டரிலும் தெரிய வேண்டும், வேலை முடியாதது என்றால் 'பாக்கி' என்ற ஃபோல்டரிலும் தெரிய வேண்டும். நான் செஞ்சு தர்றேன் அக்கா என்று சொன்னவள் செங்கொடிதான். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி சர்வரை ஓட்டும் லினக்ஸின் அடிவயிற்றுக்குள், கெர்னலுக்குள்ளேயே இறங்கி, சி மொழியில் சொந்தமாக ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதுவது. நாலாயிரம் வரி ஆகியிருந்தது. கெர்னலுக்குள் ஓரிடத்தில் கை தவறினால் போதும், மெஷின் முழுக்க உறைந்துபோகும், மவுஸ் அம்பு நடுத் திரையில் செத்து நிற்கும், பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டு, டிஸ்க் சரியாக இருக்கிறதா என்று அது சோதித்து முடிக்கும்வரை அரைமணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு… அப்படி எத்தனை அரைமணி நேரம்?

நோயல் உள்ளே இறங்கவே இல்லை. கெர்னலுக்கு வெளியிலேயே, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மாதிரி, பைதான் மொழியில் எழுதிவிட்டான். இரண்டு வருஷமாக லினக்ஸில் அதற்கு வசதி வந்திருக்கிறது, அவளும் படித்திருந்தாள், படித்துவிட்டு இது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியிருந்தாள். யாராவது ஒரு ஃபோல்டரைத் திறந்தால் கெர்னல் வெளியே வந்து அவன் புரோகிராமைக் கேட்கும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று. இன்னின்ன இருக்கிறது என்று பைதான் பதில் சொல்லும். சொன்னால் போதும், டிஸ்கில் எங்குமே இல்லாத ஃபோல்டர் திரையில் வந்து நிற்கும். மெதுவாகத்தான் ஓடும், ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளேயிருந்து வெளியே வந்து திரும்பிப் போக வேண்டுமே, அவளுடையது முடிந்தால் அதைவிடப் பத்து மடங்கு வேகம்… முடிந்தால். பவுனம்மாளுக்கு அரை செகண்டா தெரியப்போகிறது? ஒரு வாரச் சாப்பாட்டு இடைவேளையில், வாயில் வடையோடு எழுதினான். தப்பு வந்தால் அவன் புரோகிராம் மட்டும் பொத்தென்று விழும், மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அவன் சிரித்துக்கொண்டே மறுபடி ஓட்டிவிடுவான். அவனுக்கு எப்போதுமே அப்படித்தானே. பாலிடெக்னிக்கில் இரண்டு பேப்பர் போனது, அவன் அம்மா ராயபுரம் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினாள், அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொண்டான், அவ்வளவுதான். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து போன செங்கொடிக்கு ஒரு பேப்பர் போயிருந்தால்? வீடே உறைந்திருக்கும். அவள் சி லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதித்தான் அவன் பாஸே ஆனான். பிரௌசிங் சென்டரில் கீபோர்டு துடைத்துக்கொண்டிருந்தவனை இந்த வேலைக்கு இழுத்துவந்ததும் அவள்தான், மேனேஜரிடம் போய், என் கூடப் படிச்சவன் சார், நல்ல பையன் சார் என்று… இன்னொருத்தராக இருந்தால் இவ்வளவு எரியாதோ?

பஸ் உறுமி நகர்ந்தது, தண்டையார்பேட்டை, டோல்கேட், மேல்காற்றில் மணலி எண்ணெய் ஆலைகளின் அழுகிய முட்டை வாசனை வந்து கர்ச்சீப்புக்குள்ளும் நுழைந்தது. கடைசித் தாளில் இருந்தது இதுதான். யாராவது ஒரு ஃபோல்டரிலிருந்து ஒரு ஸ்கேனை அழித்தால், அவனுடைய பைதான் நேரே போய் சர்வரில் கிடக்கும் அசல் ஸ்கேனையே அழித்துவிடும். காட்டுவது மூன்று இடத்தில், இருப்பது ஒன்றே ஒன்று. பவுனம்மாளோ, முடிந்ததை மேஜையில் வைத்திருக்கவே மாட்டாள். 'பாக்கி' ஃபோல்டரில் வேலை முடிந்ததை அழிப்பாள், கட்டாயம் அழிப்பாள், அழித்தால் கப்பல் ஃபோல்டரிலும் போகும், கம்பெனி ஃபோல்டரிலும் போகும், எங்கேயுமே இருக்காது. பேக்கப் சனிக்கிழமைதான், இன்று வியாழன். இதெல்லாம் நேற்று நாலேகாலுக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தரை மணிக்கு நோயல் போனபிறகு அவள் சர்வர் அறைக்குப் போய் ஸ்கேன் மொத்தத்தையும் தன் மெஷினுக்குக் காப்பி எடுத்துவைத்தாள். பொறுப்புதானே? பொறுப்பானவள் செய்வதுதானே? பொறுப்பானவள் அவனிடம் சொல்லியிருப்பாள். இவள் என்ன நினைத்துக்கொண்டாள்… எல்லார் முன்னாலும் அது கவிழும், அவன் முகம் வெளுக்கும், மேனேஜர் தலையில் கை வைப்பார், அப்போது ஓரத்திலிருந்து மெதுவாக எழுந்து, பயப்படாதீங்க சார், என்கிட்ட காப்பி இருக்கு… அந்த 'மெதுவாக'வை நேற்றிலிருந்து எத்தனை முறை நடத்திப் பார்த்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு ரெக்கார்டு அறையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மேனேஜர் அப்துல் வஹாப் கையைக் கட்டிக்கொண்டு, பவுனம்மாள் கம்ப்யூட்டர் முன்னால், நோயல் அவள் பக்கத்தில் குனிந்து. "தொறந்து பாருக்கா. இதான் உன் பீரோ." பவுனம்மாள் பயந்து பயந்து மவுஸைத் தொட்டாள். கப்பல் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றைத் திறந்தாள், உள்ளே காகிதங்கள். கம்பெனி பெயருக்குப் போனாள், அதே காகிதம் அங்கேயும். "ஐயே, என் பீரோ மேரியே கீதேப்பா! இன்னா நைனா, இத்த எப்டி உள்ள பூட்ட?" எல்லாரும் சிரித்தார்கள். செங்கொடியும் சிரித்தாள், சிரித்தோமா என்று தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இந்தச் சிரிப்பு என்னுடையது, ஒன்றரை வருஷமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சிரிப்பு, அதை இவன் வடை தின்றுகொண்டே… பவுனம்மாள் 'பாக்கி'யைத் திறந்தாள். "இதுல பாதி நேத்தே முடிஞ்சி போச்சே, இன்னும் இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீது" என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள், பதினொன்று பிடித்தாள், விரல் டெலீட்டுக்குப் போனது. நிச்சயமா என்று திரை கேட்டது. இப்போது சொல்லலாம், அக்கா நில்லு என்றால் போதும், வாயைத் திறந்தால் போதும்… பவுனம்மாள் நிச்சயம் என்றாள். பதினொன்றும் போயின.

யாருக்கும் தெரியவில்லை. அதைத்தான் அவள் நடத்திப் பார்க்கவே இல்லை. எதுவும் கவிழவில்லை, யார் முகமும் வெளுக்கவில்லை, சுத்தமான 'பாக்கி'யைப் பார்த்து பவுனம்மாள் கை தட்டினாள், கூட எல்லாரும் தட்டினார்கள். அப்துல் வஹாப் நோயலின் தோளைத் தட்டி, "மாஷா அல்லாஹ். ஒரே வாரத்துல முடிச்சிருக்கீங்க. திங்கக்கிழமையிலிருந்து எல்லா கவுன்ட்டருக்கும் போட்டுடலாம்" என்றார். அதற்கு அந்தப் பாவி என்ன சொன்னான்? "என்ன மட்டும் சொல்லாதீங்க சார். செங்கொடி ஒரு வரி உடாம படிச்சி ஓகே சொன்னப்புறந்தான் சார் போட்டேன்." மேனேஜர் அவள் பக்கம் திரும்பி, "அப்ப பயமில்ல" என்றார். அப்ப பயமில்ல. பெருமையில் பாதியை எடுத்து இவ்வளவு சுலபமாகத் தட்டில் வைத்து நீட்டுகிறானே, என்னால் முடியுமா, நாலாயிரம் வரியில் ஒரு வரியையாவது நான் இவனிடம் காட்டியிருக்கிறேனா… ஒரு தரம் காட்டேன் என்று கேட்டான், முடியட்டும் என்றேன். வேலை இருக்கிறது என்று முனகிவிட்டு அவள் தன் இடத்துக்கு நடந்தாள், நடந்தாளா ஓடினாளா, கூட்டம் கலைவதற்குள் போட்டுவிடவேண்டும், நேற்று எடுத்த காப்பியிலிருந்து அந்தப் பதினொன்றை மட்டும் தேடி சர்வருக்கு அனுப்பினாள். முடிந்தது, யாருக்கும் தெரியாது, அப்புறம் சாவகாசமாக நோயலிடம், எனக்கு இப்போதுதான் தோன்றியது என்பது போல…

"ஐயோ, தொடச்சதெல்லாம் திரும்பி வந்துட்ச்சி!"

பவுனம்மாளின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. வராமல் என்ன செய்யும், அசல் திரும்பி வந்தால் மூன்று இடத்திலும் தெரியத்தானே செய்யும், நோயலின் பைதான் அதை ஒழுங்காகத்தான் செய்கிறது, அதை அவள் யோசிக்கவே இல்லை. காலடிச் சத்தம் வந்தது. அவள் திரையை மூடவில்லை. மூடியிருக்கலாம். நோயல் வாசலில் நின்றான், அவள் திரையைப் பார்த்தான், காப்பி எடுத்த ஃபோல்டரையும் பக்கத்தில் இருந்த தேதியையும் நேரத்தையும் பார்த்தான். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை, அவளுக்குத்தான் அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"நீதான் போட்டியா?"

"நான்தான். அக்கா டெலீட் பண்ணா அசலே போய்ட்து நோயல். எல்லா எடத்துலயும் போய்ட்து."

"இந்த காப்பி நேத்து எடுத்தது." அவன் கேட்கவில்லை, சொன்னான். "அஞ்சி முப்பத்தெட்டு. அப்ப நேத்தே தெரியும்."

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். திட்டப்போகிறான், திட்டட்டும், ஏய் நீயெல்லாம் ஒரு தோஸ்தா என்று கத்தட்டும், கத்தினால் இவளும் கத்தலாம், என் ஒன்றரை வருஷம்டா என்று கத்தலாம், எல்லாம் வெளியே கொட்டிவிடும்… அவன் கத்தவில்லை. ஜன்னலைப் பார்த்தான், வெளியே கிரேன் ஒரு நீலப் பெட்டியைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்துக்கொண்டிருந்தது. பிறகு நாற்காலியை இழுத்து, இந்த முறை நேராகவே போட்டு, அவளிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். அவன் முகத்தில் இருந்தது கோபமா வேறெதுவுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கீபோர்டை மட்டும் அவள் பக்கம் தள்ளினான்.

"எந்த வரி?"

"நூத்தி அறுபத்தி மூணு. அழிக்கக்கூடாது. அந்த ஃபோல்டர்ல மட்டும் மறைக்கணும், மறைச்சத ஒரு லிஸ்ட்ல எழுதி வெச்சிகினா போதும்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். எதற்கு அப்படிப் பார்க்கிறான் என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை, தாள் பைக்குள் இருக்கிறது, பை மேஜைக்கடியில் இருக்கிறது, அவள் குனியக்கூட இல்லை… அப்போதுதான் உறைத்தது. நூற்று அறுபத்து மூன்று மட்டுமில்லை, அதற்கு முந்தையதும் தெரியும், பிந்தையதும் தெரியும், முதல் தாளில் அவன் எழுதியிருந்த கிண்டல்கூட எந்த வரியில் என்று தெரியும், ஒரே ஒரு தடவை படித்ததுதான், இருநூற்றுப் பதினாலும் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. தன்னுடைய நாலாயிரத்தில் ஒரு வரிக்காவது எண் சொல்லத் தெரியுமா என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பொறாமையில் இப்படியுமா ஒருத்தர் எழுதியதைப் படிக்கமுடியும், இல்லை, இதற்கு வேறு ஏதாவது பெயர் இருக்கிறதா… நோயல் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கீபோர்டில் விரலை வைத்தாள், முதல் எழுத்து எது என்று தெரிந்தும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.