முகட்டுக்குப் பின்னால்

கோணக்கொம்பன் முகட்டின் மேல் வந்து பக்கவாட்டில் நின்றபோது நோட்புர்கா மூச்சை நிறுத்திக்கொண்டாள். ஐந்து இலையுதிர்காலமாக அவளுக்குத் தண்ணி காட்டிய கலைமான் அது. இடக்கொம்பு நடுவில் வளைந்து காதைத் தொடுகிற மாதிரி இறங்கியிருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் வேறெதற்கும் அப்படிக் கிடையாது. போன வருஷம் வரை அதைத் தொடக்கூடாது, சுடுவதற்கு மானுக்கு வயது போதாது. இந்த வருஷம் போதும் என்று அனுமதிச் சீட்டிலேயே எழுதியிருந்தது. மூன்று வாரமாக விடிகாலையில் ஏறி, சறுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, பொழுது சாய்ந்து வெறுங்கையோடு இறங்கி, சாராயக்கடையில் அத்தனை பேர் கிண்டலையும் கேட்டாயிற்று. இப்போது நூற்றைம்பது அடி தூரத்தில், வேண்டுமென்றே வந்தது போல் நிற்கிறது. அவள் சுட்டாள்.

மான் முன்னங்கால்களைத் தூக்கித் துள்ளியது. நுரையீரலில் பட்டால்தான் அப்படித் துள்ளும். அடுத்த நொடி முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து மறைந்தது. நோட்புர்கா பழக்க தோஷத்தில் அடுத்த குண்டை ஏற்றினாள். பிறகுதான் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பதை யாராவது பார்த்திருந்தால் மருத்துவரிடம்தான் அழைத்துப் போயிருப்பார்கள்.

சுட்டபின் உடனே ஓடக்கூடாது. ஒரு சிகரெட் எரிந்து முடிகிற நேரம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அடிபட்ட மிருகம் நிம்மதியாகப் படுக்கட்டும், துரத்தினால் அது மலை தாண்டிப் போய்ச் சாகும். டிரோல் மலைகளில் வேட்டைக்குப் போகிற யாரும் இதை மீறுவதில்லை. நோட்புர்கா சிகரெட்டை விட்டு எட்டு வருஷம் ஆகிவிட்டது. அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழு நாற்பது. அந்த நேரத்தில் வேட்டைக்காரர்கள் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள்: சுட்ட நொடியை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பழுப்பு உடம்பு. தோள். தோளுக்குப் பின்னால் துப்பாக்கித் தொலைநோக்கியின் குறுக்குக் கோடு, சரியான இடம். கோட்டுக்குப் பின்னால் வெள்ளை.

வெள்ளை. வானம்.

மானுக்குப் பின்னால் மண் இல்லை.

இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். மானுக்குப் பின்னால் ஒரு புல் சரிவாவது, ஒரு பாறையாவது இருந்ததா என்று தேடினாள். எதுவும் இல்லை. நுரையீரலில் பட்ட குண்டு உடம்போடு நிற்காது, அந்தப் பக்கம் வெளியே வந்து போய்க்கொண்டே இருக்கும். எலும்பில் உரசினால் கொஞ்சம் கீழேயும் திரும்பும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் வட்டார வேட்டைத் தேர்வில் கேள்வி கேட்கிற மேசையில் உட்காருகிறவள் அவள். இந்த ஏப்ரலில் ரொட்டிக்கடைக்காரர் மகனிடம் படத்தைக் காட்டி, முகட்டின் மேல் நிற்கிற மானைச் சுடுவாயா என்று கேட்டாள். அவன் மார்பை நிமிர்த்தி, சுடுவேன் என்றான். "மானோட உன் குண்டு நின்னுடுமா, தம்பி? அந்தப் பக்கம் யார் வீட்டு அம்மா காளான் பறிச்சிட்டு இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டு, எல்லோரும் சிரிக்கச் சிரிக்க தேர்ச்சி இல்லை என்று எழுதி அவனை அனுப்பினாள். அந்தப் பையன் காது சிவந்து வெளியே போனது இப்போது கண்முன் வந்தது.

அந்தப் பக்கம் காளான் பறிக்கிற அம்மா யாரும் இல்லை. அந்தப் பக்கம் அவள் தம்பி காஸியான் இருந்தான்.

விடிகிற நேரத்தில் மாட்டுப்பட்டி வாசலில் பிரிந்தபோது அவன்தான் முதலில் வம்பிழுத்தான்.

"அக்கா, உன் கோணக்கொம்பு மாப்பிள்ளைக்கு இந்த வருஷமும் கல்யாண நாள் தள்ளிப்போச்சுன்னு நினைச்சுக்கோ. என் பக்கம் வந்தா நான் விடமாட்டேன்."

"நீ சுடுறதுக்குள்ள அதுக்கு வயசாகி தானா செத்துரும்டா. வைக்கோல் குடிசைகிட்டயே இரு. பத்து மணி வரைக்கும் அசையக்கூடாது. கேக்குதா?"

"அசையல. உக்காந்தே வேர் விட்டுடறேன், போதுமா?"

"உன்னைத் தெரியாதா எனக்கு?"

அவனால் ஓரிடத்தில் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். நாற்பத்தாறு வயதிலும் கோவிலில் பாதிரியார் பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை வெளியே போய் வருகிறவன். வைக்கோல் குடிசை முகட்டிலிருந்து நன்றாகக் கீழே, குண்டு போகிற வழியில் இல்லை. அங்கேயே இருந்திருந்தால் ஒன்றுமில்லை. இருந்திருந்தால்.

ஏழு நாற்பத்து நான்குக்கே எழுந்துவிட்டாள். "காஸியான்!" என்று கத்தினாள். எதிர்ப்பாறை அவன் பெயரைத் திருப்பிச் சொன்னது, அவ்வளவுதான். மறுபடி கத்தினாள். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள்; அந்த மலையில் அது எப்போதும் வேலை செய்ததில்லை. சின்ன வயதில் ஒரு தடவை அவன் வைக்கோல் பரணில் ஒளிந்துகொண்டு சாயங்காலம் வரை குரல் கொடுக்காமல் இருந்து எல்லோரையும் அழவைத்திருக்கிறான். "விளையாடாதடா, எரும!" என்று கத்தினாள். அதே நேரத்தில் கீழேயிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது. முதலில் மரங்கள் போயின, பிறகு அவள் வந்த பாதை போயிற்று.

துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்தாள். அவசரத்தில் அது கைநழுவிப் பாறையில் உருண்டு எங்கோ விழுந்தது. தேடவில்லை. முகட்டுக்குப் போகிற சரிவு முழுக்கச் சரளைக் கல். ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். வழக்கமாகக் கைத்தடியை ஊன்றி, யோசித்து யோசித்துக் காலெடுத்து வைப்பாள். இன்று நாலு காலில் ஏறினாள். ஒரு இடத்தில் கால் வழுக்கி ஆள் உயரத்துக்குக் கீழே போய், ஒரு குட்டைப் பைன் செடியின் வேரைப் பிடித்துத் தொங்கினாள். கீழே கற்கள் விழுகிற சத்தம் நீண்ட நேரம் கேட்டது. விழுந்திருந்தால் நல்லதுதான் என்று ஒரு நொடி தோன்றியது. வேரை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

பனிக்குள் நேரம் தெரியவில்லை. ரெனாட்டே ஞாபகம் வந்தது, காஸியானின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்குப் பன்றி இறைச்சி போட்டு உருண்டை பிடித்துக்கொண்டிருப்பாள். மகள்கள் இருவரும் மேசையில் தட்டு வைப்பார்கள், அத்தைக்கும் ஒரு தட்டு. அந்த வாசலில் போய் நின்று என்ன சொல்வது? முதல் வார்த்தை என்ன? பாறையிலிருந்து விழுந்துவிட்டான் என்று சொல்லிவிட்டால்? மூடுபனியில் யாரும் விழலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

அந்த நினைப்பு தனக்குள்ளேயிருந்துதான் வந்தது. முழங்காலில் நின்றபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

முகட்டில் ரத்தம் இருந்தது. தட்டையான கல்லின் மேல், இளஞ்சிவப்பாக, நுரையோடு. மான் நின்ற இடம் இதுதான். நுரை இருந்தால் நுரையீரல். அதைத் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு அவள் நூறு தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பக்கம் பத்தடி இறங்கினால் இன்னொரு பாறை, அதன் அருகில் இன்னும் கொஞ்சம் ரத்தம். இதில் நுரை இல்லை. குனிந்து மயிர் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். மயிர் இருந்தால் மான். விரலால் தடவினாள், முகர்ந்தாள். ஒரு மயிர் கூட இல்லை. முப்பது வருஷமாக ரத்தம் பார்த்து வழி கண்டுபிடித்தவளுக்கு இது யாருடையது என்று சொல்லத் தெரியவில்லை.

"காஸியான்." இந்த முறை கத்தவில்லை. பதில் வந்துவிடுமோ என்றும் பயம், வராமல் போய்விடுமோ என்றும் பயம்.

பாறையைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். பனிக்குள் பழுப்பாக ஏதோ கிடந்தது. காஸியானின் மேல்சட்டையும் பழுப்புதான். ஒன்று, இரண்டு என்று அடிகளை எண்ணிக்கொண்டு போனாள். ஏழு எண்ணியபோது வளைந்த கொம்பு தெரிந்தது.

கோணக்கொம்பன் வலப்பக்கம் சாய்ந்து, கண் திறந்தபடி கிடந்தது. உடம்பிலிருந்து இன்னும் ஆவி வந்தது. இந்த நேரத்தில் வேட்டைக்காரர் தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு சிறு கிளையை ஒடித்து அதன் வாயில் வைக்க வேண்டும். கடைசிக் கவளம். போகிற மிருகத்துக்கு வெறும் வாயோடு விடை கொடுப்பதில்லை. நோட்புர்கா இதுவரை ஒரு மிருகத்துக்கும் அதைச் செய்யாமல் விட்டதில்லை.

மானின் வாயில் கிளை இருந்தது.

குட்டைப் பைன் கிளை. பற்களுக்கு நடுவில் குறுக்காக, முறையாக வைக்கப்பட்டிருந்தது. ஒடித்த இடத்தில் பிசின் இன்னும் காயவில்லை. தொட்டாள், விரலில் ஒட்டியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மானின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதாள். அவன் இருக்கிறான். நடந்து வந்திருக்கிறான். கை இருக்கிறது, கிளை ஒடித்திருக்கிறான்.

அழுகை நின்ற பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறவன் ஏன் பதில் சொல்லவில்லை?

நான்கடி தள்ளி ஒரு கல் நகர்ந்தது. அவன் பாறையோடு பாறையாக உட்கார்ந்திருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தொப்பியில்லாமல். வலக் கன்னத்தில் கல் சில்லு கிழித்த காயம், கழுத்து வரை ரத்தம் வழிந்திருந்தது. கண்கள் அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தன.

"குண்டு இல்லடா," என்றாள். "எடுத்துட்டேன். பாரு, காலி." துப்பாக்கியைத் திறந்து காட்டிவிட்டுக் கீழே வைத்தாள்.

"என் பக்கம் முன்னாடியே பனி ஏறுச்சுக்கா." அவன் குரல் யாரோ வேறு ஆள் குரல் போல் இருந்தது. "நீ பாட்டுக்கு அங்கேயே கிடப்பியேன்னு, எறங்கிடலாம்னு சொல்லத்தான் வந்தேன். அந்தப் பாறைகிட்ட வந்தேன். தலை பக்கத்துல கல்லு வெடிச்சுது."

"நான் கூப்பிட்டேனே."

"கேட்டுச்சு."

"ஏண்டா வாயத் தொறக்கல?"

"நீ அடுத்த குண்டு ஏத்துன சத்தமும் கேட்டுச்சு. அசைஞ்சா இன்னொண்ணு வரும்னு படுத்துட்டேன். அப்புறம் எந்திரிச்சப்ப கையை என்ன பண்றதுன்னு தெரியல. கை நிக்கவே இல்ல. அதான் அதுக்குக் கிளைய வச்சேன்."

நோட்புர்கா அவனருகில் போனாள். அவன் கன்னத்தைத் தொடக் கை நீட்டினாள். அவன் விலகினான். வேண்டுமென்று விலகவில்லை, கையைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்வாங்கியது. அதை இருவருமே பார்த்தார்கள்.

பிறகு அவன் எழுந்தான். பக்கத்துச் செடியில் இன்னொரு கிளையை ஒடித்து, மானின் தோளில் குண்டு பட்ட இடத்து ரத்தத்தில் தொட்டு எடுத்தான். தரையில் கிடந்த தன் தொப்பியைத் தேடி எடுத்து, அதன் மேல் கிளையை வைத்தான். சுட்டவருக்கு மற்றவர் அப்படித்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது வாழ்த்துச் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் நன்றி சொல்லிக் கைகுலுக்கி, கிளையைத் தன் தொப்பியில் செருகிக்கொள்ள வேண்டும். முப்பது வருஷத்தில் ஒருவருக்கொருவர் எத்தனை தடவை கொடுத்திருப்பார்கள் என்று இருவருக்கும் கணக்கில்லை.

காஸியான் தொப்பியை நீட்டினான். வாழ்த்து மட்டும் சொல்லவில்லை. மூடுபனி இன்னும் விலகவில்லை. தொப்பியின் மேல் கிளை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவன் கன்னத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கி, மானின் ரத்தம் தோய்ந்த ஊசியிலைகளின் மேல் விழுந்தது. நோட்புர்காவின் கை பாதி தூரம் போய் அங்கேயே நின்றது.